தலைக்கு மேலே பதினொரு விளக்குகள்

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். பகலில் கோட்டையில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் எழுதுவினைஞர் வேலை. வேலை முடிந்தால் நாடகம். நடிப்பதற்கு எனக்குக் குரலும் இல்லை, ஆள் பார்வையும் இல்லை. அதனால் விளக்குப் போடுகிறவன் ஆனேன்.

எங்கள் குழுவில் பதினைந்து பேர் இருந்தோம். பாதிப் பேர் வெள்ளவத்தை, பாதிப் பேர் கொட்டாஞ்சேனை. காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் ஒரு பழைய மண்டபம் எங்களுக்கு வாய்த்தது. ஒத்திகையும் அங்கேதான், மேடையேற்றமும் அங்கேதான். ரயில் போகும்போது வசனத்தை நிறுத்திவிட்டு, போனபின் தொடர்வோம். பழகிவிட்டதால் அது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

வெளிநாட்டுச் சாமான்கள் எளிதில் உள்ளே வராத காலம் அது. மேடை விளக்கு என்று கடையில் போய்க் கேட்டு வாங்க முடியாது. கொட்டாஞ்சேனையில் தகர வேலை செய்யும் ஒருவரிடம் அளவு கொடுத்து, இரும்புத் தகட்டில் பெட்டிகள் அடிப்பித்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் ஐந்நூறு வோட் பல்ப் ஒன்று. முன்னால் கலர்த்தாள் செருக ஒரு சட்டம். பெட்டியின் இரண்டு பக்கங்களையும் பிடித்துக்கொள்ள, வாளிக்கு இருப்பது போல ஓர் இரும்புக் கைப்பிடி. அது பக்கத்துக்கு ஒரு போல்டால் பெட்டியோடு பூட்டப்பட்டிருக்கும். கைப்பிடியின் நடுவில் ஒரு கொக்கி. இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் பதினொரு விளக்குகள் சேர்ந்தன. கொழும்பில் வேறெந்தத் தமிழ்க் குழுவிடமும் அத்தனை இல்லை என்று நானே பலருக்குச் சொல்லித் திரிந்தேன்.

கூரை வளை மரங்களுக்குக் கீழே நீளமான ஓர் இரும்புக் குழாயைக் குறுக்காகத் தொங்கவிட்டு, விளக்குகளை அதில் கொழுவினேன். கொக்கி வழுக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் தேங்காய்த் தும்புக்கயிற்றால் நாலு சுற்று. குழாயைத் தாங்கியதும் தும்புக்கயிறுதான். கீழே நின்று பார்த்தால் வெளிச்சம் மட்டுமே தெரியும். அந்த வெளிச்சத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்த வருடம் நாங்கள் எடுத்த நாடகத்தில் ஒரு தாய்தான் முக்கியமான பாத்திரம். அதை நடித்தவர் கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். எங்களைவிட வயது குறைந்தவர்தான், ஆனாலும் எல்லோரும் அவரை ரீச்சர் என்றே கூப்பிட்டோம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கடும் மழை. பஸ்கள் ஒழுங்காக ஓடவில்லை என்று, ரீச்சரைக் கூட்டிப்போக அவருடைய அண்ணன் வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். கொச்சிக்கடையில் வீடு. துறைமுகத்தில், கப்பலிலிருந்து பாரம் இறக்கும் கம்பிக்கயிறுகளையும் கொக்கிகளையும் சங்கிலிகளையும் பரிசோதித்துச் செப்பனிடும் களஞ்சியத்தில் வேலை.

நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, அவர் பின்வரிசையில் கிடந்த மர வாங்கில் இருந்தார். ஒத்திகை முடிந்து நான் ஆளிகளைத் தட்டி விளக்குகளை அணைத்தபோது என்னிடம் வந்தார்.

"மேல இருக்கிறத யாரு கட்டினது?"

"நான்தான்," என்றேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒண்ணு என்ன பாரம் வரும்?"

"பெரிசா ஒண்டும் இல்லை. ஒரு கையால தூக்கலாம்."

"ஒரு கையால எண்டா எத்தின இறாத்தல்?"

"நிறுத்துப் பாக்கேல்லை."

அவர் மறுபடி மேலே பார்த்தார். பிறகு, "பாரம் தெரியாத சாமான ஆக்கள்ட தலைக்கு மேல தொங்க விட்டிருக்கிறீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. தங்கையைக் கூட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த ஒத்திகையில் ரீச்சர் விளக்கின் கீழே வரவில்லை. முதல் காட்சியில் தாய் ஒரு சிறிய பலகையில் உட்கார்ந்து அரிசி புடைக்க வேண்டும். அந்தப் பலகைக்கு மேலே, என் விளக்குகளிலேயே பெரியதை நான் திருப்பி வைத்திருந்தேன். ரீச்சர் பலகையை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டு இருட்டில் இருந்தார். வெளிச்சம் வெறும் தரையில் விழுந்தது.

எங்கள் இயக்குநர் ஒரு வங்கி அதிகாரி. கோபக்காரர்.

"ரீச்சர், லைட்டுக்குள்ள வாங்கோ."

"நான் இங்கேயே இருக்கிறன் சேர்."

"உங்கட முகம் தெரியேல்லை."

"குரல் கேக்குதுதானே?"

இயக்குநர் கையில் இருந்த பிரதியைத் தரையில் போட்டார். "இது நாடகமா, றேடியோவா? என்ன பிரச்சினை எண்டு சொல்லுங்கோ."

"அண்ணா அந்தக் கயிறைப் பாத்தவர். அதுக்குக் கீழ இருக்க வேண்டாமாம். அவர் சரி எண்டு சொன்னா இருப்பன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகியது. இத்தனை வருடம் ஒரு விளக்கும் விழவில்லையே என்றேன். இயக்குநர் என் பக்கம்தான் நின்றார். ஆளை மாற்றவேண்டி வரும் என்று ரீச்சரைப் பயமுறுத்தினார்.

"மாத்துங்கோ சேர்," என்றார் ரீச்சர். "புதுசா வாறவவுக்கும் அந்தக் கயிறைக் காட்டிப்போட்டு மாத்துங்கோ."

அந்த ஒரு கிழமை முழுவதும் அவர் இருட்டில் இருந்தே நடித்தார். ஒரு சொல் பிசகவில்லை. யாரும் அவரோடு சரியாகக் கதைக்கவும் இல்லை. கடைசியில் இயக்குநர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீர் போய் அந்த மனுசனோட கதைச்சு இதை முடிச்சுவையும்," என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து கொச்சிக்கடைக்குப் போனேன். அந்தோனியார் கோயிலுக்கு வந்த சனத்துக்குள் நெரிபட்டு, ரீச்சர் சொன்ன ஒழுங்கையைக் கண்டுபிடித்தேன். அண்ணன் அப்போதுதான் வேலையால் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.

"உங்கட தங்கச்சியால எங்கட ஒத்திகை நிண்டு போச்சு," என்று ஆரம்பித்தேன்.

அவர் துவாயால் கழுத்தைத் துடைத்தபடி கேட்டார். "நீங்க அந்தக் கயிறக் கிட்டப் பாத்தீங்களா?"

"நான் கட்டின கயிறுதானே?"

"கட்டினபிறகு பாத்தீங்களா எண்டு கேக்கிறன்."

நான் பிளேன்டீயைக் கையில் எடுத்தேன்.

"ஒருக்காக் கிட்டப் பாத்திட்டு வாங்க. பிறகு கதைப்பம்."

அவ்வளவுதான். பிளேன்டீயை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் மண்டபத்தைத் திறப்பித்து, ஏணி வைத்து ஏறினேன். அவர் சொன்னது பிழை என்று காட்டத்தான் ஏறினேன். பெரிய விளக்கின் கயிற்றைத் தொட்டபோது அது என் விரல்களுக்குள் தூளாக உதிர்ந்தது. பல்பின் சூடு மாதக்கணக்காக மேலே எழுந்து எழுந்து, தும்பைக் கருக்கி வைத்திருந்தது. நாலு சுற்றில் மூன்று அறுந்து தொங்கின. மிச்சமிருந்த ஒன்றும் பழுப்பு நிறம். கடற்காற்றில் கொக்கிகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. கீழே பார்த்தேன். ரீச்சர் முன்பு இருந்த இடத்தில் சோக்கால் போட்ட அடையாளம் நேர் கீழே தெரிந்தது.

வியாழக்கிழமை மறுபடியும் கொச்சிக்கடைக்குப் போனேன்.

"பாத்தனான்," என்றேன்.

"ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வாறன். எல்லாத்தையும் கீழ இறக்கி வைங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு வில்தராசோடு வந்தார். சந்தையில் மீன்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. மண்டபம் முழுக்க மீன் மணம். ஒவ்வொரு விளக்காகக் கொக்கியில் மாட்டித் தூக்கி, பாரத்தைப் பெட்டியின் முதுகில் சோக்கால் எழுதினார். சிறியது பதினாலு இறாத்தல். பெரியது இருபத்தொன்று. நான் ஒரு கையால் தூக்கலாம் என்றது அதைத்தான்.

அந்த நேரம் ரயில் ஒன்று போனது. அவர் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு, அது போய் முடியும் வரை நின்றார்.

"கோச்சி ஒரு நாளைக்கு எத்தின தரம் போகும்?"

"எண்ணினதில்லை."

"போற ஒவ்வொரு தரமும் இந்த நட்டெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக் கழரும். கையால பிடிச்சுப் பாருங்க."

அடுத்த ரயிலுக்கு நான் பிடித்துப் பார்த்தேன். குழாய் உள்ளங்கைக்குள் எறும்பு ஊர்வது போல நடுங்கியது. இத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்காக வசனத்தை நிறுத்தியிருக்கிறோம்; அது மேலேயும் ஏதோ செய்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

துறைமுகத்தில் அவருக்கு வேண்டிய சாமான் எல்லாம் மலையாகக் கிடந்தது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து வரலாமே என்று நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "அது கப்பலுக்கு உள்ளது," என்று அதோடு முடித்துவிட்டார். ஆகவே அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் புறக்கோட்டையில் அலைந்தோம். கப்பல் சாமான் விற்கும் கடையொன்றில் பென்சில் தடிப்பில் கம்பிக்கயிறு கிடைத்தது. அவர் அதை வளைத்தும் முறுக்கியும் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோய் மணந்தும் பார்த்தார். அறுந்த கம்பி ஒன்று உள்ளே தெரிந்ததும், "மேக எப்பா மல்லி, அலுத் எக்கக் தென்ன," என்று சிங்களத்தில் சொல்லி, பழையதைத் தள்ளிவிட்டுப் புதுச்சுருளைக் கேட்டு வாங்கினார். பிறகு ஷெக்கிள். குதிரை லாடம் மாதிரி வளைந்த இரும்பு அது. அதன் வாயை ஒரு திருகாணி குறுக்காக மூடும். நான் ஒன்றைக் கையில் எடுத்து, நல்ல பாரமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டேன். அவர் அதை வாங்கி வேறொன்றைத் தந்தார். முதலாவதின் திருகாணி அதற்குரியது அல்ல, வேறெதிலிருந்தோ கழற்றிப் போட்டது என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், மதியத்துக்குப் பின் அவர் வந்தார். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கம்பிக்கயிறு வெட்டி, நுனிகளை வளைத்து, கூரான ஓர் இரும்பு முளையால் இழைகளைப் பிரித்துப் பின்னி, இரண்டு பக்கமும் வளையம் போலக் கண் வைத்தார். நான் பிடித்துக்கொண்டிருப்பேன். கையில் கம்பி குத்தி இரத்தம் வரும். ரீச்சர் மேடை ஓரத்தில் இருந்து பரீட்சைத் தாள் திருத்துவார். இடையிடையே, "அண்ணா, ஏழாவதுக்கு வந்திட்டீங்களா?" என்று கேட்பார்.

கொக்கிகளை எறிந்துவிட்டு, குழாயைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டிகள் அடிப்பித்தோம். பாரத்தைத் தூக்குவது அந்தப் பட்டி. குழாயைச் சுற்றி விளக்கோடு பிணைக்கும் கம்பிக்கயிறு ஒன்றும் தூக்காது. பட்டி கைவிட்டால் பிடிப்பதற்காகச் சும்மா கூடவே இருக்கும். அதை நீளமாக விட்டால் விளக்கைத் திருப்ப வசதி என்றேன்.

"நீளமா விட்டா விழுற வேகமும் கூடும்," என்றார். "ஒரு சாண் காணும்."

இன்னொன்றில்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது. கம்பிக்கயிற்றைக் கைப்பிடிக்குள்ளால் விட்டுக் கட்டுவது சுலபம், இரண்டு நிமிட வேலை. அவர் அப்படி விடவில்லை. பெட்டியின் முதுகில் ஓட்டை போட்டு, அதற்கென்று ஒரு வளையம் பூட்டி, அதில்தான் ஷெக்கிளைக் கொழுவ வேண்டும் என்றார். பதினொரு பெட்டிக்கும் ஓட்டை போடுவது என்றால் இன்னொரு கிழமை போய்விடும்.

"கைப்பிடியில கட்டினா என்ன? பெட்டி கைப்பிடியிலதானே நிக்குது," என்று சத்தம் போட்டேன்.

அவர் என் கையில் ஒரு விளக்கைத் தந்தார். "கைப்பிடியப் பிடிங்க. இப்ப பெட்டியும் கைப்பிடியும் கழண்டு போச்சு எண்டு வைங்க. உங்கட கையில என்ன இருக்கும்?"

"கைப்பிடி."

"பெட்டி எங்க இருக்கும்?"

நான் ஓட்டை போடத் தொடங்கினேன்.

குழாயின் இரண்டு நுனிகளையும் வளை மரத்தோடு சுற்றிக் கம்பிக்கயிறு போட்டார். ரயிலின் நடுக்கத்துக்காக ஒவ்வொரு போல்டுக்கும் இரண்டு நட். முதலாவதைப் பூட்டி, அது கழலாமல் அதன்மேல் இரண்டாவதை இறுக்க வேண்டும். கலர்த்தாள் சட்டத்துக்குக்கூட ஒரு மெல்லிய சங்கிலி. எல்லாம் முடிந்த அன்று அவர் ரீச்சரைப் பார்த்துத் தலையாட்டினார். ரீச்சர் பேனையை மூடிவிட்டு எழுந்து வந்து, பலகையைச் சோக் அடையாளத்தில் போட்டு, வெளிச்சத்தில் இருந்தார். இயக்குநர் கை தட்டினார். அதுவரை ரீச்சரோடு கதைக்காமல் இருந்தவர்களும் தட்டினார்கள்.

மேடையேற்றம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு. அன்று காலை இயக்குநர் திடீரென்று பலகையை ஓரடி முன்னுக்குப் போடச் சொன்னார். பெரிய விளக்கை நான் மறுபடி திருப்ப வேண்டியிருந்தது. ஏணியில் ஏறி, ஒரு பக்கத்துப் போல்டின் இரண்டாவது நட்டைக் கழற்றிச் சட்டைப் பொக்கெட்டில் போட்டேன். விளக்கைத் திருப்பினேன். முதலாவது நட்டை இறுக்கினேன். அப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், நாற்காலிகள் வந்துவிட்டன. இறங்கிப் போனேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. நான் மேடையின் ஓரத்தில் ஆளிகளோடு நின்றேன். முதல் காட்சி நன்றாகப் போனது. மூன்றாவது காட்சியில் தாய் மறுபடி பலகையில் இருந்து, சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்க வேண்டும். மூத்த மகன் வந்து, வீட்டை விற்கப் போவதாகச் சொல்வான். அவன் சொல்லத் தொடங்கும்போது ரயில் வந்தது. வழக்கம்போல அவன் நிறுத்திக்கொண்டான். ரயில் கடந்து போகும்போது மேலே ஒரு சத்தம் கேட்டது, தகரத்தைக் கல்லால் அடித்த மாதிரி.

நிமிர்ந்து பார்த்தேன். பெரிய விளக்கின் ஒரு பக்கம் கைப்பிடியிலிருந்து கழன்று சரிந்தது. அடுத்த கணம் மற்றப் பக்கத்துப் போல்டும் பிய்த்துக்கொண்டு வந்தது. இருபத்தொரு இறாத்தல் பெட்டி ரீச்சரின் தலைக்கு நேரே விழுந்தது. ஒரு சாண் விழுந்தது. அங்கேயே நின்றது. கம்பிக்கயிறு விறைத்து நிற்க, பெட்டி அதில் இரண்டு தரம் சுழன்றது. பல்ப் உடனே அணைந்துவிட்டது. கைப்பிடி மட்டும் குழாயில் வெறுமையாகத் தொங்கியது.

கழன்ற நட் ஒன்று நேராகச் சுளகுக்குள் விழுந்து அரிசியைச் சிதறடித்தது. ரீச்சர் மேலே பார்த்தார். பிறகு சுளகைப் பார்த்தார். அந்த நட்டை இரண்டு விரலால் எடுத்து, கல் எறிவது போல ஓரத்தில் எறிந்தார். பலகையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லு மகன், ஏன் நிப்பாட்டினாய்?" என்றார். அது பிரதியில் இல்லாத வசனம். நான் பக்கத்து விளக்கைப் போட்டேன். நாடகம் தொடர்ந்தது. பார்த்திருந்தவர்களில் பலர் அது காட்சியில் உள்ளது என்றே நினைத்துக்கொண்டார்கள்.

இடைவேளையில் திரையை மூடியதும், வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ரீச்சரின் அண்ணன் உள்ளே வந்தார். ஏணியில் ஏறி, கம்பிக்கயிற்றையும் ஷெக்கிளையும் தடவிப் பார்த்தார். "பிடிச்சிட்டுது," என்றார். விளக்கைக் கழற்றிக் கீழே தந்தார். தங்கையின் தலையில் ஒரு கணம் கை வைத்துவிட்டு, திரும்பிப் போய் வாங்கில் இருந்தார்.

நான் பின்கதவால் வெளியே போனேன். ரயில் பாதையோரம் நின்று சட்டைப் பொக்கெட்டுக்குள் கையை விட்டேன். இரண்டாவது நட் அங்கே இருந்தது. கடல் எனக்கு முன்னால் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. இடைவேளை முடியும் வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

நாடகம் முடிந்து, சனம் போய், நாற்காலிகளை அடுக்கியபின் அண்ணனிடம் அந்த நட்டை நீட்டினேன். ஒளிக்க வேண்டும் என்ற நினைப்பு வந்தது உண்மை. யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒளிக்க முடியவில்லை.

"காலமை திருப்பேக்க கழட்டினனான். திரும்பப் போட மறந்திட்டன்," என்றேன். "உங்கட தங்கச்சிய நான் சாகடிச்சிருப்பன்."

அவர் நட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நின்றேன். அவர் என்னை வாங்கில் இருக்கச் சொன்னார்.

"வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருசம்," என்றார். "ஒரு ஷெக்கிளப் பாத்து நல்லது எண்டு அனுப்பினனான். அதின்ட திருகாணி மாறியிருந்தது, நான் கவனிக்கல்ல. கீழ நிண்டவர் என்னோட ஒண்டாச் சாப்பிடுறவர். பாரம் விழுந்து கால் போயிட்டுது. இப்பவும் முகத்துவாரத்தில இருக்கிறார். கிழமைக்கு ஒருக்காப் போய்ப் பாக்கிறனான்." நட்டை என் கையில் திருப்பித் தந்து, "மனுசன் மறப்பான் மச்சான். அதுக்குத்தான் ரெண்டாவது கயிறு," என்றார்.

என்னை அவர் மச்சான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையால் மறித்தார். "எனக்கு என்ன? நான் ஒருக்காச் சொல்லிட்டு வீட்ட போயிட்டன். அவள்தானே ஒரு கிழமையா எல்லார்ட்டயும் பேச்சு வாங்கிக்கொண்டு இருட்டில இருந்தவள். அவள்ட்டச் சொல்லுங்க."

ரீச்சரிடம் போனேன். அவர் முகத்தில் பூசியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொக்கெட்டில் இருந்த நட்டைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அடுத்த கிழமையும் போடுறம்தானே?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப ஏணியால இறங்கேக்க பொக்கெட்டைப் பாத்திட்டு இறங்குங்கோ."

அடுத்த சனிக்கிழமை அவர் அதே விளக்கின் கீழேதான் இருந்தார். ஒருதரமும் மேலே பார்க்கவில்லை. என்னை நம்புவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. ஆனாலும் நம்பினார்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருடங்கள் நான் விளக்குப் போட்டேன். பல மண்டபங்கள், பள்ளிக்கூடங்கள், கோயில் மேடைகள், நடன அரங்கேற்றங்கள். சாமான்கள் மாறின. வெளிநாட்டு விளக்குகள் வந்தன. பாதுகாப்புக் கம்பி அவற்றோடு பெட்டியிலேயே கூட வந்தது. முதல் தரம் அதைப் பிரித்துப் பார்த்தபோது, வேறெங்கோ ஓர் ஊரிலும் யாரோ ஒருவர் வாங்கில் இருந்து மேலே பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். என் விளக்கின் கீழே யாருக்கும் ஒரு கீறல்கூடப் படவில்லை. நான் கலியாணம் கட்டினேன், பிள்ளைகள் பிறந்தார்கள், பதவி உயர்வு வந்தது, ஓய்வு பெற்றேன். ஒரு சாதாரண எழுதுவினைஞனின் வாழ்க்கை. அந்தச் சாதாரண வாழ்க்கை எனக்குக் கிடைத்தது அந்த ஒரு சாண் கம்பியால்தான். அது இல்லாவிட்டால் நான் யாராக மிச்சமிருந்திருப்பேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கும்.

ரீச்சரின் அண்ணன் துறைமுகத்தில் ஓய்வு பெற்று, இரத்மலானையில் மகனோடு போய் இருந்தார். ரீச்சர் அதிபராகி, பிறகு மகளோடு வெளிநாடு போய்விட்டார். நத்தார் பண்டிகைக்கு அவரிடமிருந்து எனக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். சில வருடங்களுக்கு முன்பு அண்ணனுக்கு நெஞ்சுநோய் என்று களுபோவில ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கேள்விப்பட்ட உடனே போனேன். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கையை நீட்டினார். அவர் மறித்த நன்றியை இத்தனை வருடம் கழித்து அங்கே சொன்னேன். இந்த முறை மறிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கூச்சப்பட்டவர் போலப் பேச்சை மாற்றினார்.

"மச்சான், நான் ஒண்ணு கேக்கணும். அந்த நாடகம் என்ன கத?"

எனக்கு விளங்கவில்லை. "எத்தினை தரம் வந்து பாத்தனீங்கள்!"

"வந்தனான்தான். ஒருக்காவும் கீழ பாக்கல்ல. தங்கச்சி இருக்கிற நேரம் நான் மேலதான் பாத்துக்கொண்டு இருப்பன். முடிஞ்ச பிறகு நல்லா இருந்தது எண்டு சொல்லுவன்."

நான் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன். முதல் காட்சியிலிருந்து தொடங்கினேன். தாய் அரிசி புடைப்பது, மூன்று மகன்மார் ஒருவர் பின் ஒருவராக வருவது, ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள், அதற்குத் தாய் என்ன சொன்னார். எனக்கு வசனங்கள் எல்லாம் பாடமாக இருந்தன. பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களக் கிழவர், விளங்காவிட்டாலும் திரும்பிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தபோது நாங்கள் இரண்டாவது மகனில்தான் நின்றோம். தாதி வந்து என்னை எழும்பச் சொன்னார்.

"நாளைக்கு வாறன்," என்றேன்.

"வாங்க. அதுக்கு முதல் ஒண்ணச் சொல்லுங்க. கடைசில அந்த அம்மா வீட்ட விட்டுப் போறாவா, இருக்கிறாவா?"

"இருக்கிறா. மூண்டு பேரையும் அனுப்பிப்போட்டுக் கதவைச் சாத்துறா."

அவர் தலையாட்டினார். "தங்கச்சி நல்லாச் செய்திருப்பாளே," என்றார்.

"அருமையாச் செய்தவ," என்றேன். "எல்லாரும் அழுதவை."

அடுத்த நாள் போய் மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.